ஏழு டீ, ஒரு பால், ஒரு போலீஸ்காரர் தலை

அன்றைக்கு அந்தப் பொம்மைப் பட்டறைக் களத்தில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். ஒருத்தர் விடாமல் எழுதிவிடுகிறேன். செல்வி, அச்சிலிருந்து எடுத்த பொம்மையைச் சுரண்டி வழவழப்பாக்குகிறவர். அமுதா, பொம்மைக்குக் கண் எழுதுகிறவர். ஸ்டெல்லா, அச்சுக்குள் களிமண் கரைசல் ஊற்றுகிறவர். ராஜவேலு, சூளை பார்க்கிறவர். கொளஞ்சி, சரக்கை அடுக்கி ஏற்றி இறக்குகிறவர். கம்மாபுரம் பக்கத்திலிருந்து தினமும் மொபெட்டில் வந்து போகிறார். இந்த ஐந்து பேரும் சிலம்பம் ஆடுகிறவர்கள். ஆறாவது ஆள் பட்டறை முதலாளி தண்டபாணி. ஏழாவது, சென்னையிலிருந்து காரில் வந்த, கண்காட்சி நடத்துகிற நிர்மல் சார். எட்டாவது நான், திண்டுக்கல்லில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவள்.

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி எதற்கு இப்படி ஆரம்பிக்கிறேன் என்று தோன்றலாம். பள்ளிக்கூடத்தை நான் எட்டாம் வகுப்போடு விட்டாயிற்று, அந்தப் பழக்கம் இல்லை. காரணம் வேறு. சென்னையில் கண்காட்சி வைத்து, அன்றைக்கு நான் எடுத்த படத்துக்குக் கீழே "பெயர் தெரியாத கிராமியக் கலைஞர்கள்" என்று அச்சடித்துவிட்டார்கள். பெயர் தெரியாதாம்! எழுதிக் கொடுத்தவள் நான். பேப்பரில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

சிலம்பம் ஆடுகிற தொழிலாளர்களைப் படம் எடுக்க வேண்டும், மூன்று நாள் வேலை, படம் சென்னையில் பெரிய கூடத்தில் மாட்டப்படும் என்று நிர்மல் சார் போனில் சொன்னபோதே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கல்யாணத்தில் ஆட்கள் நிற்பார்கள், சிரிப்பார்கள், எடுத்துவிடலாம். சுற்றுகிற கம்பை எப்படி எடுப்பது? கம்பு வந்து கேமராவில் பட்டால் என்ன செய்வது? மாதத் தவணையில் வாங்கிய கேமரா. பேட்டரி நாலு, மெமரி கார்டு நாலு, மழைக்கு உறை, வயிற்றுக்கு மாத்திரை எல்லாம் எடுத்துவைத்து, வாசலைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதல் நாளே கோளாறு. பீங்கான் பட்டறைகள் இருக்கிற பகுதியை அந்த ஊரில் செராமிக் என்றே சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் "செராமிக் பக்கம் போவுமா?" என்று கேட்டேன். கண்டக்டர் தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா, பின்னால் நின்றவருக்கு ஆட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. உட்கார்ந்து பேட்டரியை எண்ண ஆரம்பித்தேன். நாலு இருந்தது. மறுபடி எண்ணினால் மூன்று. பையைத் தலைகீழாக்கித் தேடி நாலாவதைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது வெளியே வயல். பஸ் ஊரைத் தாண்டிக் கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்துவிட்டது.

இறங்கிச் செல்விக்குப் போன் போட்டேன். சிரிப்புதான் முதலில் கேட்டது.

"எங்கியும் போயிராதீங்கக்கா. அங்கியே நெழலா ஒக்காருங்க. கொளஞ்சிய அனுப்புறேன்."

முக்கால் மணி நேரத்தில் கொளஞ்சி வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி, புருவத்தில்கூட. மொபெட்டின் முன்னால் என் பையை வைத்துக்கொண்டு, "திண்டுக்கல்லுலேர்ந்து பூட்டு எடுத்துட்டு வந்தீங்களாக்கா? எங்க மொதலாளி வாய்க்கு ஒண்ணு வேணும்" என்றார். திண்டுக்கல் என்றால் எல்லோருக்கும் பூட்டு அல்லது பிரியாணி. அன்று மத்தியானம் ஜங்ஷன் பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டேன். கூடவே கத்திரிக்காய்த் தொக்கு வைத்தார்கள். எங்கள் ஊரில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காயைக் கொண்டுவந்தால் கேள்வி கேட்பார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். நீளமான ஓட்டுக் கொட்டகை, பலகை பலகையாக இன்னும் சுடாத பொம்மைகள், பக்கத்தில் சூளை. சூளைக்கு முன்னால் ஒரு காலி இடம், நாலு மாட்டுவண்டி நிறுத்தலாம். களம் என்கிறார்கள்.

முதலாளி தண்டபாணி அந்தக் களத்தைக் கையால் காட்டினார். "மேடம், படம் மெட்ராஸ்ல பெரிய எடத்துல வருமாமே. வந்துச்சுன்னா இந்த எடம் இப்பிடியே கெடக்கட்டும், ஆடிக்கட்டும். வரலன்னா நான் ஷெட்டு போடப் போறேன். பெட்டி அடுக்க எனக்கு எடம் இல்ல. கம்பு சுத்துறதுக்கா நான் எடம் வாங்கிப் போட்டேன்?"

"சுத்துறது நாங்க, காத்து வாங்குறது நீங்க" என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல். அமுதா. முதலாளி காதில் விழாத மாதிரி இருந்தார்.

செல்வி என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். "எங்களுக்கு வேற எடமே கெடையாதுக்கா. வூட்டுப் பக்கம் பொம்பள கம்பத் தூக்குனா தெருவே வேடிக்க பாக்குது. இங்கதான் அஞ்சு பேரும் ஒண்ணா இருக்குறோம். படம் நல்லா வந்துருமில்ல?"

வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு லாட்ஜுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரண்டேன்.

இரண்டாம் நாள் சூளை பிரிக்கிற நாள். சூளை ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது, அவசரப்பட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் விரிசல் விட்டுவிடும் என்றார் ராஜவேலு. அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் இவர்கள் ஆட்டமே உண்டானதாம். அவருக்கும் செல்விக்கும் சின்ன வயதிலேயே கம்பு தெரியும். மற்ற மூன்று பேர் இங்கேயே பிடித்துப் பழகியவர்கள்.

காலை ஆறரைக்கெல்லாம் சரக்கு வெளியே வந்துவிட்டது. நல்லது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். வாய் கோணிய கப்பு, விரிசல் விட்ட ஜாடி, ஒரு கண் மேலே ஏறிப்போன செட்டியார் பொம்மை, இடுப்பில் கீறல் விழுந்த போலீஸ்காரர். இந்த வேஸ்டை எல்லாம் எடுத்துக் களத்தில் பெரிய வட்டமாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பாதம் வைக்கிற இடைவெளி. சாமி பொம்மை மட்டும் வைக்க மாட்டார்கள்.

"கால் பட்டுருமில்ல" என்றார் ஸ்டெல்லா. "எங்க சாமின்னாலும் சரி, அவங்க சாமின்னாலும் சரி, தனியாத்தான் வைப்போம்."

ஐந்து பேரும் வட்டத்துக்குள் வெளியே பார்த்தபடி நிற்பார்கள். கம்பு நெற்றி உயரம் இருக்கும். சுற்றும்போது அதன் நுனி அந்தக் கப்பு, பொம்மைத் தலைகளுக்கு ஒரு சாண் மேலே போக வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் ஆள் இடம் மாறுவார்கள், கம்பு நிற்கவே நிற்காது. கடைசிச் சுற்றில் ஐந்து பேரும் வெளியே வந்து, பொம்மைகளுக்கு இடையில் கால் வைத்து ஆடுவார்கள். எதையாவது உடைத்தவர் அன்றைக்குக் களத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதலாளியே ஒரு தடவை குறுக்கே நடந்து ஜாடியை உடைத்து டீ வாங்கித் தந்திருக்கிறார். இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

நான் கேமராவை எடுத்தேன். செல்வி தடுத்தார். "அந்த சாரு வர்ற வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா. ஏழு மணிக்கு வந்துருவாராம்."

ஏழு ஆனது. எட்டு ஆனது. போன் போட்டால் "ஆன் த வே மேடம்". முதலாளி அரை நாள் லீவு கொடுத்திருந்தார், சம்பளம் இல்லாத லீவு. அந்த அரை நாளை ஐந்து பேரும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தே கழித்தார்கள். வெயில் ஏற ஏற நான் எழுந்து எழுந்து வானத்தைப் பார்த்தேன். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக விழும், முகமே வராது. இதைக்கூடவா ஒரு கண்காட்சி நடத்துகிறவர் யோசிக்க மாட்டார்?

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. நிர்மல் சார் இறங்கி, வழியில் சாப்பிட்ட பொங்கலைப் பாராட்டிவிட்டு, டிக்கியைத் திறந்தார். சிவப்பு இடுப்புத்துணி ஐந்து, முண்டாசு ஐந்து, பித்தளைக் குத்துவிளக்கு ஆறு.

"இதென்ன தரையெல்லாம் குப்பை? கிளியர் பண்ணிடுங்க. ஃப்ரேம் க்ளீனா இருக்கணும். நம்ம தீம் மரபு."

"குப்பை இல்லிங்க" என்றார் செல்வி. "அதுதான் எங்க ஆட்டம்."

"அதெல்லாம் தனியா ஆடிக்கோங்கம்மா. இப்ப விளக்கை வைப்போம். ஆம்பளைங்க ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டிட்டு எண்ணெய் தடவிட்டு முன்னாடி வாங்க. லேடீஸ் பின்னாடி."

ராஜவேலு என்னைப் பார்த்தார். சூளைச் சூட்டில் வேலை பார்த்து அவர் கையெல்லாம் தழும்பு. "எண்ணெய் தடவுனா கம்பு வழுக்குமே சார்" என்றார் மரியாதையாக.

"சும்மா பிடிச்சிட்டு நின்னா போதும் சார், சுத்த வேண்டாம்."

சுத்த வேண்டாமாம்! சிலம்பத்தைப் படம் எடுக்க வந்த இடத்தில் கம்பைச் சுற்ற வேண்டாம் என்று ஒருத்தர் சொல்கிறார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முழுப் பணமும் வேலை முடிந்த பிறகுதான் என்று பேசியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது கேமராத் தவணை. இந்தக் கட்டுரையில் யார் மேல் எவ்வளவு கோபப்பட்டாலும், முதல் பங்கு எனக்குத்தான்.

விளக்கு வைக்க இடம் பார்த்தபடியே நிர்மல் சார் பின்னால் நகர்ந்தார். "சார், சார்" என்று மூன்று பேர் கத்தினோம். அவர் ஷூ போலீஸ்காரரை உதைத்தது. தலை தனியாக உருண்டு போய்ச் செட்டியார் காலடியில் நின்றது.

அமுதாதான் முதலில் ஆரம்பித்தார். "போச்சு. போலீசையே அடிச்சிட்டாரு."

"ஜாமீன்ல விடணும்னா டீ வேணும்" என்றார் கொளஞ்சி.

முதலாளிகூடச் சிரித்துவிட்டார். விரலை மடக்கி எண்ணினார். "எட்டுப் பேரு சார். ஒடைச்சவருதான் டீ வாங்கணும். நம்ம களத்துச் சட்டம். நானே வாங்கியிருக்கிறேன்."

"எனக்கு டீ ஆவாது, பாலு" என்றார் ஸ்டெல்லா.

நிர்மல் சார் வாட்சைப் பார்த்தார். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம். வேஸ்ட் பொம்மைதானே. முதல்ல ஷூட்."

பெருக்கித் தள்ளச் சொன்னார். செல்வி பெருக்கவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சுவரோரம் வைத்தார், தலையையும் தேடி எடுத்து வைத்தார். "அந்தாளு சொல்றபடி நில்லுங்கம்மா, படம் வரணுமில்ல" என்று முதலாளி முணுமுணுத்தார். எந்தக் களத்துக்காகப் படம் வேண்டுமோ, அந்தக் களத்தை மறைத்துவிட்டு நின்றார்கள். சிவப்புத் துணி, முண்டாசு, எண்ணெய் தடவிய உடம்பு, நண்பகலில் ஏற்றிய விளக்கு. நான் எடுத்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது. நிர்மல் சார் கார்டையும் நான் ஐந்து பேர் பெயரும் எழுதிவைத்த பேப்பரையும் கையோடு வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். பெயர் எழுதுகிற கோடு காலியாக இருந்தது. "நீங்களே ஃபில் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

டீ வரவில்லை.

அரை நாள் முடிந்துவிட்டது. ஐந்து பேரும் சிவப்புத் துணியை அவிழ்த்துப்போட்டு வேலைக்குப் போனார்கள். நான் சுவரோரம் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அண்டா தூக்குகிறவரைக்கூட ஆல்பத்தில் விட முடியாது. விட்டால் பெண் வீட்டில் சண்டை வரும், நியாயமான சண்டை. அதைச் செய்கிற நான் இங்கே என்ன செய்தேன்? அழுகை வந்தது, அழவில்லை. மூக்கில் களிமண் தூசி வேறு.

நாலரை மணிக்கு டீ இடைவேளை, பதினைந்து நிமிடம். செல்வி வெளியே வந்தார். கையில் கம்பு.

"அக்கா, இன்னொரு கார்டு வச்சிருக்கிறீங்களா?"

பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் ஒரே ஒரு லாபம் உண்டு. இன்னும் மூன்று கார்டு இருந்தது.

ஐந்து நிமிடத்தில் வட்டம் திரும்ப வந்தது. போலீஸ்காரரைத் தலையில்லாமலே அவர் இடத்தில் நிறுத்தினார்கள். வேலைத் துணி, வெள்ளைத் தூசி, வெறுங்கால். வெயில் கொட்டகைக்கு மேலே சாய்ந்து வந்துகொண்டிருந்தது. குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். கம்பு சுற்ற ஆரம்பித்ததும் எனக்கு முதலில் கேட்டது காற்றுச் சத்தம். ஐந்து கம்பின் இரைச்சலில் கப்புகளின் வாயிலிருந்து சன்னமாக ஊதுகிற மாதிரி ஒரு ஒலி வந்தது. அதைப் படம் எடுக்க முடியாது. முகம் அசையாமல் தெரியவும் கம்பு மட்டும் விசிறி மாதிரி விரியவும் ஷட்டரைக் குறைத்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை.

டீ இடைவேளையில் டீ இல்லாமல் ஆடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மனசு கேட்காமல் பர்ஸைத் திறந்தேன். "நான் வாங்கித் தரேனே."

ஐந்து பேரும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள்.

"நீங்க ஒடைக்கலியே" என்றார் ராஜவேலு.

"அந்தாளு கணக்கு அந்தாளு பேர்லதான் இருக்கணும்" என்றார் அமுதா. "நீங்க குடுத்துட்டா அது தீந்துருமே."

மூன்றாம் நாள் எனக்கு வேலை இல்லை. ரயிலுக்கு நேரம் இருந்தது. பட்டறை வாசலில் இருக்கிற டீக்கடையில் விலை மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டேன். டீ பன்னிரண்டு, பால் பதினைந்து. எந்த ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் ஒரே பதில் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஊருக்கு வந்ததும் சாயங்காலம் எடுத்த படங்களை நிர்மல் சாருக்கு அனுப்பி, ஐந்து பேர் பெயரையும் நின்ற வரிசைப்படி எழுதி, இதையே மாட்டுங்கள் சார் என்று கெஞ்சினேன். "சூப்பர் மேடம், ஆனா தீமுக்குச் செட் ஆகல" என்று பதில் வந்தது.

கண்காட்சிக்குச் சென்னை போனேன். குளிரூட்டிய கூடம், ஆளுக்கொரு சின்னத் தட்டில் பிஸ்கட். எட்டடி உயரத்துக்கு அந்த விளக்கு வைத்து எடுத்த படம். ராஜவேலு முன்னால் நிற்கிறார், பற்களைக் கடித்துக்கொண்டு. அதைப் பார்த்து ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டதற்கு, "என்ன ஒரு கம்பீரம் என்கிறார்" என்று சொன்னார்கள். அது கம்பீரம் இல்லை அம்மா, எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

படத்துக்குக் கீழே என் பெயர் இனிஷியலோடு தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழேதான் அந்த வரி.

நிர்மல் சாரைப் பிடித்துக் கேட்டேன். "டிசைன்ல இடம் இல்ல மேடம்" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். பெயர், தெரியாத, கிராமிய, கலைஞர்கள். நாலு வார்த்தை. செல்வி, அமுதா, ஸ்டெல்லா, ராஜவேலு, கொளஞ்சி. ஐந்து வார்த்தை. எட்டடி உயரப் படத்தில் ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போய்விட்டது. அதைச் சொன்னேன், இந்தத் தடவை சத்தமாகவே. பிஸ்கட் தட்டோடு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அடுத்த பிரிண்டில் பாக்கலாம்" என்றார். டீ என்று ஆரம்பித்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

இதைப் போனில் சொன்னபோது செல்வி போனைப் பக்கத்திலிருந்த கொளஞ்சியிடம் கொடுத்துவிட்டார். "எங்க ஊர்ல சுரங்கத்துக்கு எடம் எடுக்குறோம்னு அளந்துட்டு வூட்டுச் செவுத்துல நம்பர் போட்டுட்டுப் போயிருக்காங்கக்கா. செவுத்துக்கே நம்பர் இருக்குது. எனக்குப் பேரு இல்லியா?"

கல்யாண ஆல்பம் அடிக்கிற லேபிலேயே வட்டத்தில் ஆடுகிற படத்தை மூன்றடிக்குப் போட்டேன். கீழே ஐந்து பெயர், நின்ற வரிசையில். தலையில்லாத போலீஸ்காரரும் தெளிவாகத் தெரிகிறார். பஸ் பார்சலில் அனுப்பிவிட்டு, சேர்ந்ததா சேர்ந்ததா என்று அரை நாளில் ஆறு தடவை போன் பண்ணினேன்.

சேர்ந்தது. முதலாளி அதை ஆபீஸ் அறையில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாராம். சரக்கெடுக்க வருகிற வியாபாரிகளிடம், "நம்ம களம், நம்ம ஆளுங்க" என்று காட்டுகிறாராம். அதற்காகக் களத்தை முழுசாக விட்டுவிடவில்லை. பாதியில் ஷெட்டு போட்டாயிற்று. மீதிப் பாதியில் சூளை பிரிக்கிற நாளில் மட்டும் ஆடிக்கொள்ளலாம். வட்டம் சின்னதாகிவிட்டதால் பொம்மைகளுக்கு நடுவே இடைவெளியும் குறைந்துவிட்டது. "முன்னாடிவிட இப்பதான் கஷ்டம், இப்பதான் நல்லா இருக்குது" என்றார் செல்வி. அவர் சமாதானத்துக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் கவலை.

மெட்ராஸ்காரர் டீ காசு அனுப்பினாரா என்று ஒவ்வொரு சூளை பிரிக்கிற நாளிலும் கேட்பவர் முதலாளிதானாம். போலீஸ்காரர் தலையை ஒரு கப்புக்குள் போட்டு, படத்துக்குக் கீழே மேஜையில் வைத்திருக்கிறார்கள். கப்புக்கு அடியில் அமுதா கண் எழுதுகிற தூரிகையால் எழுதிய சீட்டு: நிர்மல் சார், டீ ஏழு, பால் ஒன்று, பாக்கி தொண்ணூற்றொன்பது ரூபாய்.